அடித்துவிட்ட அந்த ஒரு வரி

கேள்வி: எனக்கு முப்பத்துமூன்று வயது. உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். கணிதத்தில் பி.எஸ்ஸி., பி.எட். முடித்து, 2017-இல் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேர்ச்சி பெற்றேன். அடுத்த ஆண்டே, பணி நியமனத்துக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று விதி மாறியது. 2024 பிப்ரவரியில் அந்தத் தேர்வையும் எழுதினேன். சில மதிப்பெண்களில் நழுவிப்போனது. வேலை கிடைத்த பிறகு திருமணம் என்றிருந்த உறவினர்கள், இப்போது வயது போய்விட்டது என்கிறார்கள். ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில், ஆறு மாதத்துக்குள் உன் வாசல் திறக்கும் என்று சொல்லி ஜெபித்தார்கள். இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. காத்திருக்கிறவர்கள் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று பிரசங்கத்தில் கேட்கும்போது குற்ற உணர்வுதான் வருகிறது. என் விசுவாசம் குறைவா? இந்த ஆண்டுகளுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மேலே சுருக்கித் தந்திருக்கும் உங்கள் ஐந்து பக்கக் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். நீங்கள் நேராகக் கேட்டதற்கு நேராகவே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். காத்திருந்து காத்திருந்து மனம் சோர்ந்துபோவது விசுவாசக் குறைவு அல்ல. "நெடுங்காலமாய்க் காத்திருத்தல் இருதயத்தை இளைக்கப்பண்ணும்" என்று நீதிமொழிகள் 13:12 சொல்கிறது. இளைத்துப்போனவரை அந்த வசனம் கடிந்துகொள்ளவில்லை; உள்ளதை உள்ளபடி சொல்கிறது. இருபத்திரண்டு ஆண்டுகளாக மதுரையில் மனநல ஆலோசகராக இருக்கும் நான் என் அறையில் அன்றாடம் காண்பதும் அதைத்தான். முடியும் தேதி தெரிந்த காத்திருப்பை மனிதர்கள் எப்பாடுபட்டாவது தாங்கிவிடுகிறார்கள். எப்போது என்று தெரியாத காத்திருப்புதான் ஆளை உள்ளுக்குள்ளேயே அரிக்கிறது. எட்டு ஆண்டுகளாக அதைச் சுமந்த பிறகும் உட்கார்ந்து ஐந்து பக்கம் எழுதியிருக்கிறீர்கள் என்றால், உங்களிடம் இன்னும் பலம் இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்து, ஆலோசகராக நான் கேட்டே ஆக வேண்டியது ஒன்று உண்டு. விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுவதாகவும், காலைச் சாப்பாட்டைப் பெரும்பாலும் விட்டுவிடுவதாகவும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமும் பசியும் இப்படிக் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போகிறதென்றால், அது மனச்சோர்வு என்ற நோயாகவும் இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. அரப்பாளையத்தில் பேருந்தை விட்டு இறங்கினால் அரசு இராஜாஜி மருத்துவமனை சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே மனநலப் பிரிவில் ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள். நள்ளிரவில் மனம் தாங்கமுடியாமல் போனால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை அழையுங்கள். இலவசம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். மாத்திரை சாப்பிடுவதால் ஜெபம் குறைந்துபோகாது. அன்னாளின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம், சாமுவேல் பிறக்கிற இடம் அல்ல. குழந்தைக்கான அடையாளம் எதுவும் தெரியாத அன்றைக்கே, ஆலயத்தில் அழுது தீர்த்துவிட்டு, அவள் "புறப்பட்டுப்போய், போஜனஞ்செய்தாள், அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை" என்று எழுதியிருக்கிறதே, அந்த இடம். அதுவரை சாப்பிடாமல் இருந்தவள் சாப்பிட உட்கார்ந்தாள். உங்களுக்கும் அங்கிருந்துதான் தொடங்கச் சொல்கிறேன்: நாளைக் காலை இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள்.

இனி, வேத வசனம் அச்சிட்ட உங்கள் வாக்குத்தத்த அட்டைக்கு வருகிறேன். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்ற எரேமியா 29:11 இரண்டு முறை உங்களுக்கு வந்ததாகவும், இரண்டாம் முறை அந்த அட்டையைத் திருப்பிப் பெட்டியிலேயே போட்டுவிடலாமா என்று தோன்றியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வசனத்தை அட்டையிலிருந்து எடுத்து, அது இருந்த கடிதத்துக்குள் மறுபடியும் வைத்துப் பார்ப்போம். கி.மு. 597-இல் ராஜாவாகிய எகொனியாவோடு பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட மக்களுக்கு, எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம் அது. அவர்களும் உங்களைப்போலவே, வாழ்க்கை வேறோர் இடத்தில் இருக்கிறது, அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் வாழத் தொடங்க வேண்டும் என்று மூட்டையை அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பதினோராம் வசனத்துக்கு முந்தின வசனம், எழுபது ஆண்டுகள் ஆகும் என்கிறது. நீங்கள் கணித ஆசிரியை, கூட்டிப் பாருங்கள். உங்கள் வயதில் அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட ஒரு பெண், எழுபதாம் ஆண்டில் நூற்றுமூன்று வயதைத் தொட்டிருப்பாள். சிறைபட்டவர்கள் ஊர் திரும்பலாம் என்ற பெர்சிய ராஜாவாகிய கோரேசின் கட்டளை கி.மு. 538-இல் வந்தபோது திரும்பியவர்களில் அவள் இருந்திருக்க வழியில்லை என்றே சொல்லலாம். ஆனாலும் அந்தக் கடிதம் அவளுக்கும்தான் எழுதப்பட்டது. அவளுக்கு அது கொடுத்தது என்ன? ஐந்தாம் வசனம்: "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்." ஏழாம் வசனம், சிறையிருக்கிற பட்டணத்தின் சமாதானத்தையே தேடச் சொல்கிறது. பாபிலோன் மண்ணில், பாபிலோன் தண்ணீரில் விளைந்த பழத்தைச் சாப்பிடுங்கள் என்கிறார் கர்த்தர். எதிர்பார்த்திருக்கும் முடிவைப்பற்றிப் பேசுகிற அதே வாய்தான், அதற்கு முன்னாலேயே, அந்த முடிவு வரும்வரை கனியில்லாமல் இருக்காதே என்றும் சொல்கிறது. அட்டை அச்சிடுகிறவர்கள் பின்பக்கத்தில் ஐந்தாம் வசனத்தையும் சேர்த்து அச்சிட்டால் எத்தனையோ பேருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நான் பல ஆண்டுகளாக நினைப்பதுண்டு.

ஆறு மாதத்தில் வாசல் திறக்கும் என்று உங்களிடம் சொன்னவர்களைப்பற்றியும் அந்தப் புத்தகத்திலேயே ஓர் அதிகாரம் இருக்கிறது. எரேமியா 28-இல் அனனியா என்பவன் எழுந்து, இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஜனங்களுக்கு முன்பாகச் சொல்கிறான். அதைக் கேட்ட எரேமியா முதலில் சொன்ன வார்த்தை, "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்பதுதான். அவருக்கும் அது நடக்க வேண்டும் என்றே ஆசை. ஆனால் கர்த்தர் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. நாள் குறித்துச் சொல்லப்பட்ட வார்த்தை நிறைவேறாமற்போனால் அதற்கான கணக்கு சொன்னவரிடம் இருக்கிறது, நம்பிக் கேட்டவரிடம் இல்லை. இந்த இரண்டு ஆண்டுகளாக நீங்கள் உங்களையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்கிறீர்கள். தயவுசெய்து இறங்கி வாருங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தாமதம் எல்லாவற்றையும் கர்த்தரின் மேல் ஏற்றிவிடும் பழக்கம் நம் சபைகளில் இருக்கிறது. பவுல் செசரியாவில் இரண்டு ஆண்டுகள் காவலில் கிடந்ததற்கு அப்போஸ்தலருடைய நடபடிகள் 24 சொல்லும் காரணம் என்ன? தேசாதிபதியாகிய பேலிக்ஸ், பவுல் தனக்குப் பணம் கொடுப்பார் என்று நம்பிக்கொண்டிருந்தான். பதவி மாறிப் போகும்போதும் யூதருக்குத் தயவுசெய்ய மனதாய் அவரைக் கட்டிலேயே விட்டுப்போனான். அது ஓர் அதிகாரியின் பேராசையால் வந்த தாமதம். பவுல் பணம் கொடுக்கவும் இல்லை, இது கர்த்தருடைய சித்தம் என்று சும்மா இருந்துவிடவும் இல்லை. ரோமக் குடியுரிமை தனக்குத் தந்த உரிமையைப் பயன்படுத்தி, இராயருக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசரிடமே மேல்முறையீடு செய்தார். விதிகள் இடையில் மாறியதால் நஷ்டப்பட்டவர்கள் மனுக் கொடுப்பதும், வழக்குத் தொடுப்பதும், சங்கமாகச் சேர்ந்து கேட்பதும் விசுவாசத்துக்கு விரோதமானவை அல்ல. சில இலட்சங்கள் கொடுத்தால் உத்தரவு வாங்கித் தருவதாக உங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்து போனதாக எழுதியிருக்கிறீர்களே, அவருக்கு மட்டும் மறுபடியும் கதவைத் திறக்காதீர்கள். அப்பா நிலத்தை விற்கலாமா என்று யோசித்தால் என் பெயரைச் சொல்லியாவது தடுத்துவிடுங்கள்.

இப்போது, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம். மூன்றாம் பக்கத்தின் அடியில் நீங்கள் ஒரு வரியை எழுதி, பிறகு அதன்மேல் இரண்டு கோடு இழுத்து அடித்துவிட்டீர்கள். நீல மைக்குக் கீழே அது தெளிவாகவே தெரிந்தது. "சாயங்காலம் நாலு பிள்ளைகள் கணக்குக்கு வருவார்கள், அதில் ஒன்று பின்னம் புரியாமல் அழுதது, அப்பாவின் பூத் தராசில் கால் கிலோ, அரைக் கிலோ, முக்கால் கிலோ என்று மல்லிகையை எடை போட்டுக் காட்டினேன், அது பிடித்துக்கொண்டு கையைத் தட்டியது, அன்றைக்கு எனக்கும் சிரிப்பு வந்தது." இதுதான் அந்த வரி. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று அடித்திருப்பீர்கள். சகோதரி, காத்திருப்பில் சந்தோஷம் உண்டா, அர்த்தம் உண்டா என்ற உங்கள் கேள்விக்கு, உங்கள் கடிதத்திலேயே இருக்கும் பதில் அந்த ஒரு வரிதான். விடியுமுன் பூப்பறிக்கப் போய்விட்டுப் பள்ளிக்கு வரும் ஒரு பிள்ளை, தன் கை தினமும் அளக்கிற பூவிலேயே பின்னம் இருக்கிறது என்று உங்கள் வீட்டு வாசலில் கண்டுகொண்டது. நீங்கள் ஆசிரியை ஆவதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளையிடம் கேட்டால், அது காத்திருக்கவில்லை. அதற்கு ஆசிரியை கிடைத்தாயிற்று.

இப்படிச் சொல்வதால் அரசுப் பணி வேண்டாம் என்றோ, நாலு பிள்ளைகளின் டியூஷனே போதும் என்றோ நான் சொல்வதாக நினைக்காதீர்கள். சம்பளம் வேண்டும், பணிப் பாதுகாப்பு வேண்டும், படித்த படிப்புக்கு மரியாதை வேண்டும். இவற்றை விரும்புவதில் பாவம் ஒன்றும் இல்லை. நான் சொல்வது, காத்திருத்தல் என்ற நம் சொல்லுக்குள்ளேயே இருக்கும் ஒன்றை. காத்து இருத்தல் என்று அதைப் பிரித்துப் பாருங்கள். காவல், காப்பு, காப்பாற்றுதல் எல்லாம் பிறந்த அதே வேர். "எப்பொழுது விடியும் என்று விடியற்காலத்துக்குக் காத்திருக்கிற ஜாமக்காரரைப்பார்க்கிலும் அதிகமாய் என் ஆத்துமா ஆண்டவருக்குக் காத்திருக்கிறது" என்று 130-ஆம் சங்கீதம் பாடும்போது, அந்த ஜாமக்காரர் இரண்டு காரியங்களை ஒன்றாகச் செய்கிறார்: விடியலை எதிர்பார்க்கிறார், அது வரும்வரை ஊரைக் காக்கிறார். விடியலைக் கொண்டுவருவது அவர் வேலை அல்ல. அவரால் அது ஆகவும் ஆகாது. ஆனால் விடியவில்லையே என்று அவர் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டால், விடிந்தபின் ஊரில் மிஞ்சுவது குறைவாகத்தான் இருக்கும். நீங்கள் எட்டு ஆண்டுகளாக விடியலையே பார்த்துக் கண் பூத்துப்போயிருக்கிறீர்கள். உங்கள் காவலில் விடப்பட்டிருப்பது எது என்று திரும்பிப் பார்க்கச் சொல்கிறேன். உங்கள் உடம்பு இருக்கிறது. சொல்லிக்கொடுக்கும் அந்தக் கை இருக்கிறது. அந்த நாலு பிள்ளைகள் இருக்கிறார்கள். "இன்னும் எதுவும் அமையலையா" என்ற கேள்விக்குப் பயந்து நீங்கள் பாடகர் குழுவில் விட்டுவிட்டு வந்த உங்கள் குரலும் இருக்கிறது.

மல்லிகைத் தோட்டத்தில் வளர்ந்தவருக்கு நான் இதை விளக்கவே தேவையில்லை. கார்த்திகையில் உங்கள் அப்பா கவாத்து செய்து செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்; இலையையும் உருவிவிடுவார். பார்க்கிறவர்களுக்குத் தோட்டம் செத்துக்கிடப்பதுபோல இருக்கும். அடுத்து வரும் மார்கழியில்தான் பனியால் பூ வரத்துக் குறைந்து, மாட்டுத்தாவணிச் சந்தையில் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏறி நிற்கும். விலை உச்சத்தில் இருக்கும்போது கையில் பூ இருக்காது. அப்போது அப்பா தோட்டத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிடுகிறாரா? களை எடுக்கிறார், கொத்திவிடுகிறார், தொழு உரம் வைக்கிறார், தண்ணீர் கட்டுகிறார். இந்த உவமை ஓரளவுக்குத்தான் பொருந்தும் என்பதையும் நானே சொல்லிவிட வேண்டும். பங்குனியில் மல்லிகை பூக்கும் என்று நம்பலாம், தேர்வு வாரியத்தின் பட்டியலை அப்படி நம்ப முடியாது. அதனால் பூக்கும் காலத்துக்கு இதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மார்கழி வேலைக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் இதை வெளியில் நின்றுகொண்டு எழுதவில்லை. நானும் என் கணவரும் பதினான்கு ஆண்டுகள் ஒரு குழந்தைக்காகக் காத்திருந்தோம். பிறக்கவில்லை. அந்த ஆண்டுகளில் சாட்சி நேரம் வந்தாலே எனக்கு எழுந்து வெளியே போய்விடத் தோன்றும். நம் சபைகளில் முடிந்த காத்திருப்புகளுக்கு மட்டுமே மேடை கொடுக்கிறோம். வேலை கிடைத்தவர், குழந்தை பிறந்தவர், வீடு கட்டியவர் வந்து பேசுகிறார்கள், இன்னும் நடுவழியில் இருக்கிறவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறார். இது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. குழந்தை இல்லாததால்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன், ஆகவே எல்லாம் நன்மைக்கே என்று சிலர் எனக்குச் சமாதானம் சொல்வதுண்டு. நான் அப்படிக் கணக்கை நேர்செய்வதில்லை. அந்த இழப்பு இழப்புதான். ஆனால் அதே ஆண்டுகளில் எனக்குச் சந்தோஷமும் இருந்தது. அது இழப்புக்கு ஈடாக வந்ததல்ல, அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. அதற்கு எனக்கு வார்த்தை கொடுத்தவர் ஆபகூக். "நான் என் காவலிலே தரித்து" என்று இரண்டாம் அதிகாரத்தில் நின்ற அதே மனிதர், மூன்றாம் அதிகாரத்தின் முடிவில் இல்லாதவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணுகிறார்: அத்திமரம், திராட்சச்செடி, ஒலிவமரம், வயல், கிடையில் ஆடு, தொழுவத்திலே மாடு. ஒன்றையும் மறைக்கவில்லை. எண்ணி முடித்த பிறகுதான், "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்கிறார். ஒரு தாளை எடுத்து, அவரைப்போலவே நீங்களும் எழுதிப் பாருங்கள். பட்டியலில் என் பெயர் இல்லாமற்போனாலும் என்று தொடங்குங்கள். வரன் அமையாமற்போனாலும் என்பதையும் எழுதுங்கள். கண்ணீர் வந்தால் வரட்டும். மகிழ்ச்சி என்ற வார்த்தைக்கு அன்றைக்கே வந்து சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவருக்கே மூன்று அதிகாரங்கள் ஆயின.

திருமணத்தைப்பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அதை வேலையோடு முடிச்சுப் போட்டது நீங்கள் அல்ல, பெரியவர்கள். அந்த முடிச்சை அவிழ்க்கும்படி அம்மாவிடம் நேராகப் பேசுங்கள். உங்களுக்கு இப்போது விருப்பம் இருக்கிறதா, இல்லையா என்பதை அவர்கள் உங்கள் வாயால் கேட்கட்டும். முப்பத்துமூன்று வயது, பேச்சை முடித்துவிடும் வயதல்ல.

அன்றாடத்துக்கு ஒன்றிரண்டு வழிகள். தேர்வு வாரிய இணையதளத்தையும் டெலிகிராம் குழுக்களையும் நாளுக்குப் பத்துப் பதினைந்து முறை பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பார்க்கிற ஒவ்வொரு முறையும் செய்தி இல்லாமற்போவது மனத்துக்கு ஒரு சிறு மறுப்பு. நாளுக்குப் பதினைந்து மறுப்பை யாராலும் தாங்க முடியாது. செவ்வாய், வெள்ளி மாலை ஆறு மணிக்கு மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்; அறிவிப்பு வந்தால் விண்ணப்பிக்கச் சில வாரங்கள் தருவார்கள், எதுவும் கைதவறிப் போகாது. அடுத்த தேர்வுக்குத் தொடர்ந்து படியுங்கள், ஆனால் அத்தனை நம்பிக்கையையும் அதிலேயே வைத்துவிடாமல், இன்ன தேதிக்குள் இன்ன தனியார் பள்ளியிலும் விண்ணப்பிப்பேன் என்று ஒரு நாளை நீங்களே குறியுங்கள். பவுல் கூடாரம் தைத்தார். அதனால் அவர் அழைப்பு குறைந்துபோகவில்லை. டியூஷனுக்குச் சிறு கட்டணமாவது வாங்குங்கள். கொடுக்க முடியாத வீட்டில் வேண்டாம். பாடகர் குழுவுக்கு இந்தச் சனிக்கிழமைப் பயிற்சியிலேயே திரும்புங்கள். எதுவும் அமையலையா என்று யாராவது கேட்டால், "இன்னும் இல்லை அக்கா, ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்துவிடுங்கள். அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தர வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

மருத்துவமனைக்குப் போய் வந்த பிறகு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். அந்தப் பிள்ளை எந்த வகுப்பு என்று நீங்கள் எழுதவில்லை. தராசில் பின்னம் பிடிபட்டுவிட்டது என்றால், எடைச் சீட்டில் அப்பா எழுதும் 0.250-உம் 0.750-உம் அதன் கண்ணில் ஏற்கெனவே பட்டிருக்கும். தசமத்துக்குப் போய்விட்டீர்களா என்று அவசியம் எழுதுங்கள். இந்த முறை அந்த வரியை அடிக்க வேண்டாம்.